மூலக்கூறை எடைபோடுவது எப்படி? மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்: படிப்படியான முழு வழிகாட்டி

திரையில் 195.0877 என்று ஓர் எண் வந்து நிற்கிறது. காலையில் இறக்கிய காபி டிகாக்‌ஷனில் ஒரு சொட்டை எடுத்து, ஆயிரம் மடங்கு தண்ணீர் கலந்து, வடிகட்டி, கருவிக்குள் செலுத்தியதற்குக் கிடைத்த பதில் அது. காஃபீன் மூலக்கூறின் எடை 194.0804. அதோடு ஒரு புரோட்டான் ஒட்டிக்கொண்டால் 195.0877. நான்காவது தசம இடம் வரை பொருந்துகிறது. முதன்முறையாக இதைப் பார்க்கும் மாணவர்கள் அநேகமாக ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "இவ்வளவு சின்னப் பொருளை எந்தத் தராசில் வைத்தார்கள்?"

தராசே கிடையாது. ஒரு காஃபீன் மூலக்கூறின் எடையைக் கிராமில் எழுதினால் புள்ளிக்குப் பிறகு 21 சுழியங்கள் போட்ட பின்புதான் முதல் இலக்கம் வரும். அதைத் தாங்கும் தட்டை யாரும் செய்ய முடியாது. ஆகவே கருவி வேறு வழியில் போகிறது. மூலக்கூறுக்கு மின்னூட்டம் கொடுத்து, வெற்றிடத்தில் பறக்கவிட்டு, மின்புலமோ காந்தப்புலமோ அதை எவ்வளவு அசைக்கிறது என்று பார்க்கிறது. ஒரே உதையில் கால்பந்து ஒரு விதமாகப் போகும், இரும்புக் குண்டு ஒரு விதமாகப் போகும். போன விதத்தை வைத்து எடையைக் கணக்கிட்டுவிடலாம்.

பாடப்புத்தகங்கள் இதை நிறை நிறமாலைமானி என்கின்றன. ஆய்வகத்தில் எல்லோரும் சொல்வது 'மாஸ் ஸ்பெக்'. இந்தக் கட்டுரையில் அந்தக் காஃபீனையே துணைக்கு வைத்துக்கொண்டு கருவியின் வாயிலிலிருந்து கணினித் திரை வரை போவோம். பிறகு கருவி எங்கெல்லாம் பயன்படுகிறது, எங்கே ஏமாறுகிறது என்று பார்ப்போம். ஏமாறும் இடங்களைத் தெரிந்துகொண்டவர்தான் இந்தக் கருவியை உண்மையில் தெரிந்தவர் என்பது என் எண்ணம்.

முதலில் இரண்டு சொற்கள்

டால்டன்: அணுக்களையும் மூலக்கூறுகளையும் எடைபோடும் அலகு. கார்பன் 12 அணு ஒன்றின் எடையைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு டால்டன்.

நிறை-மின்னூட்ட விகிதம்: எம்/இசட் என்று எழுதுவார்கள். கருவி அளப்பது எடையை மட்டும் என்று நினைத்தால் பின்னால் குழம்பிப்போவோம். அது அளப்பது எடையை மின்னூட்டத்தால் வகுத்த எண்ணை. 1000 டால்டன் எடையில் ஒரு மின்னூட்டம் ஏறினால் 1000 சொச்சம் என்று காட்டும். இரண்டு ஏறினால் 500 சொச்சம் என்று காட்டும். காஃபீன் போன்ற சிறு மூலக்கூறுகளுக்குப் பெரும்பாலும் ஒரே மின்னூட்டம்தான் என்பதால் கவலையில்லை. புரதங்களில் இது பெரிய விஷயமாகிவிடும்.

நியானில் தொடங்கியது

1912இல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஜே. ஜே. தாம்சன் நியான் வாயுவை அயனிகளாக்கி (மின்னூட்டம் ஏறிய அணு அல்லது மூலக்கூறுதான் அயனி), மின்புலமும் காந்தப்புலமும் ஒருசேர இருந்த இடத்தின் வழியே செலுத்தி, புகைப்படத் தட்டில் விழச்செய்தார். எடைக்கு ஒன்றாகப் பரவளையக் கோடுகள் பதிய வேண்டும். நியானுக்கு ஒரு கோடு வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் 20க்கு அழுத்தமான ஒரு கோடும் 22க்கு மங்கலான ஒரு கோடும் இருந்தன. ஒரே தனிமத்தில் இரண்டு எடை! அவருடைய உதவியாளர் பிரான்சிஸ் ஆஸ்டன், முதல் உலகப் போர் முடிந்ததும் 1919இல் இன்னும் துல்லியமான கருவியைக் கட்டி, நியானில் ஐசோடோப்புகள், அதாவது ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்கள், இருப்பதை உறுதிசெய்தார். 1922இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

ஆஸ்டன் அளந்த எண்களில் இன்னொரு புதையலும் இருந்தது. நான்கு ஹைட்ரஜன் அணுக்களின் எடையைக் கூட்டினால், ஒரு ஹீலியம் அணுவின் எடையைவிடச் சுமார் 0.7 சதவீதம் அதிகம். காணாமல்போன அந்த எடைதான் சூரியனின் எரிபொருளாக இருக்கக்கூடும் என்று 1920இலேயே வானியலாளர் ஆர்தர் எடிங்டன் ஊகித்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

படி 1: மாதிரியைச் சுத்தம் செய்தல்

கருவியைப் பற்றிப் பேசுகிறவர்கள் தாண்டிப்போகும் படி இது. வேலையில் பாதி இங்கேதான். டிகாக்‌ஷனில் காஃபீன் மட்டுமா இருக்கிறது? சர்க்கரைகள், அமிலங்கள், எண்ணெய், வறுத்த நிறமிகள் என நூற்றுக்கணக்கான பொருள்கள் இருக்கின்றன. அப்படியே செலுத்தினால் குழாய் அடைத்துக்கொள்ளும். அதைவிட மோசம், மற்ற பொருள்கள் மின்னூட்டத்தைப் பிடுங்கிக்கொண்டு காஃபீனுக்குக் குறைவாக விட்டுவைக்கும். அப்போது இருப்பதைவிடக் குறைவாகவே கருவி காட்டும்.

இதற்கு ஓர் அழகான தந்திரம் உண்டு. மூன்று கார்பன் 12 அணுக்களுக்குப் பதில் கார்பன் 13 பொருத்திய காஃபீன் விலைக்குக் கிடைக்கிறது. எல்லா விதத்திலும் காஃபீன்தான், எடை மட்டும் 3 டால்டன் கூடுதல். தெரிந்த அளவில் அதை மாதிரியில் முதலிலேயே கலந்துவிடுவார்கள். வழியில் எவ்வளவு வீணானாலும், எவ்வளவு மின்னூட்டம் பறிபோனாலும் இரண்டுக்கும் ஒரே கதிதான். கடைசியில் 195க்கும் 198க்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால் போதும், டிகாக்‌ஷனில் இருந்த காஃபீனின் அளவு வந்துவிடும்.

சுத்தம் என்றதும் ஒரு பழைய அவமானம் நினைவுக்கு வருகிறது. பயிற்சிக் காலத்தில் ஒருமுறை என் நிறமாலையில், அதாவது கருவி வரைந்து தரும் வரைபடத்தில், 44 டால்டன் இடைவெளியில் ஏணிப்படிபோல வரிசையாக முகடுகள் வந்தன. புதுப்பொருள் கண்டுபிடித்துவிட்டதாக இரண்டு நாள் மிதப்பில் இருந்தேன். மூத்தவர் ஒருவர் வந்து ஒரு பார்வை பார்த்தார், "குடுவையை சோப்பு போட்டுக் கழுவினாயா, தம்பி?" என்றார். சோப்புத் திரவங்களில் இருக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் சங்கிலியின் ஒரு கண்ணி சரியாக 44.026 டால்டன். என் கண்டுபிடிப்பு சாக்கடையோடு போனது.

படி 2: வரிசையில் நிறுத்துதல்

சுத்தம் செய்த பிறகும் மாதிரியில் பல பொருள்கள் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உள்ளே விட்டால் கல்யாண வீட்டுப் பந்தி வாசல்போல ஆகிவிடும். ஆகவே முன்னால் ஒரு பிரிப்புக் குழாயை வைக்கிறார்கள். எளிதில் ஆவியாகும் பொருள்களுக்கு வாயு நிறப்பிரிகை, அதாவது ஜி.சி.; நீரில் கரைபவற்றுக்கு திரவ நிறப்பிரிகை, அதாவது எல்.சி. ஒவ்வொரு பொருளும் குழாயில் ஒவ்வொரு அளவு ஒட்டிக்கொள்வதால் வெவ்வேறு நேரத்தில் வெளியே வரும். ஆய்வக அறிக்கைகளில் ஜி.சி.எம்.எஸ்., எல்.சி.எம்.எஸ். என்று பார்த்திருப்பீர்கள், இந்தக் கூட்டணியின் பெயர்தான் அது.

படி 3: மின்னூட்டம் ஏற்றுதல்

மாஸ் ஸ்பெக் வரலாற்றில் நிறையப் பேரைத் தூங்கவிடாத படி இதுதான். மின்னூட்டம் இல்லாத மூலக்கூறை எந்தப் புலமும் அசைக்காது. ஆனால் ஏற்றுகிற வேகத்தில் மூலக்கூறு உடைந்துவிட்டால் எடைபோட என்ன மிஞ்சும்?

பழைய வழி முரட்டு வழி. ஆவியான மூலக்கூறுகள்மீது 70 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான்களை வீசுவார்கள். மூலக்கூறு ஓர் எலக்ட்ரானை இழந்து நேர்மின் அயனியாகும். பெரும்பாலும் துண்டுதுண்டாகவும் போகும். ஆனால் ஒரே பொருள் எப்போதும் ஏறக்குறைய ஒரே விதத்தில் உடைவதால் அந்தத் துண்டுகளே அதன் கைரேகை ஆகிவிடுகின்றன. காஃபீன் என்றால் 194, 109, 67 என்று முகடுகள் வரும். இப்படி லட்சக்கணக்கான பொருள்களின் கைரேகைகளைத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். உலகம் முழுவதும் அதே 70 எலக்ட்ரான் வோல்ட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான்.

புரதம் போன்ற பெரிய, ஆவியாகாத மூலக்கூறுகளுக்கு இந்த முரட்டு வழி உதவாது. 1980களில்தான் இரண்டு மென்மையான வழிகள் வந்தன.

முதலாவது, அமெரிக்காவில் ஜான் ஃபென் வளர்த்தெடுத்த மின்தெளிப்பு. மயிரிழை போன்ற ஊசியின் வழியே கரைசல் வருகிறது. ஊசி முனையில் மூன்று நான்காயிரம் வோல்ட். சொட்டு கூம்பாக இழுபட்டு, அதன் நுனியிலிருந்து மின்னூட்டம் ஏறிய திவலைகள் தூறலாகச் சிதறுகின்றன. சூடான நைட்ரஜன் வாயு அவற்றை உலர்த்துகிறது. திவலை சுருங்கச் சுருங்க, அதன்மேல் இருக்கும் நேர்மின்னூட்டங்கள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளுகின்றன. தாங்க முடியாத கட்டத்தில் திவலை வெடித்து இன்னும் சிறிய திவலைகளாகிறது. இப்படியே போய் கடைசியில் புரோட்டான் ஒட்டிய மூலக்கூறு மட்டும் தனியாக மிஞ்சுகிறது. கரைசலில் 0.1 சதவீதம் ஃபார்மிக் அமிலம் சேர்ப்பது அந்தப் புரோட்டானைக் கொடுக்கத்தான். நம் 195.0877 பிறக்கும் இடம் இதுவே. பக்கத்தில் 217.07இலும் ஒரு முகடு தெரிந்தால் பதறவேண்டாம். புரோட்டானுக்குப் பதில் சோடியம் ஒட்டிய அதே காஃபீன்தான் அது.

இரண்டாவது, லேசர் வழி. ஜப்பானின் கியோட்டோவில் ஷிமாட்சு நிறுவனத்தில் வேலை பார்த்த கோயிச்சி தனாகா வேதியியல் படித்தவரே அல்ல, மின்பொறியாளர். 1985இல், மிக நுண்ணிய கோபால்ட் பொடியில் வேறு திரவத்துக்குப் பதிலாகத் தவறுதலாக கிளிசரினை ஊற்றிவிட்டார். விலை அதிகமான பொடியாயிற்றே, கொட்டுவானேன் என்று அதையே சோதித்துப் பார்த்தார். லேசரின் ஆற்றலை அந்தக் கலவை வாங்கிக்கொண்டது. பெரிய மூலக்கூறு உடையாமல் மேலெழுந்தது. ஃபென்னுக்கும் தனாகாவுக்கும் 2002இன் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஃபென்னுக்கு அப்போது வயது 85, தனாகாவுக்கு 43. இன்று ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் மால்டி முறையில் கோபால்ட் பொடி இல்லை. ஜெர்மனியின் கராஸும் ஹில்லன்காம்பும் உருவாக்கிய அந்த முறையில், லேசர் ஒளியை உறிஞ்சும் சிறு கரிம அமிலப் படிகங்களுக்குள் மாதிரியைப் புதைத்துவைக்கிறார்கள்.

உலோகங்களை அளக்க வேண்டுமானால் மூலக்கூறு உடைவது பற்றிய கவலையே இல்லை; அணுக்கள் போதும். பல ஆயிரம் டிகிரி வெப்பமுள்ள ஆர்கான் பிளாஸ்மாவில், அதாவது மின்னூட்டம் ஏறிய ஆர்கான் வாயுவில், மாதிரியைத் தெளித்துவிடுவார்கள். ஐ.சி.பி.எம்.எஸ். என்பது அது.

படி 4: காற்றை வெளியேற்றுதல்

சாதாரணக் காற்றில் ஒரு மூலக்கூறு இன்னொன்றின்மீது மோதாமல் போகக்கூடிய சராசரித் தூரம் சுமார் 70 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த நெரிசலில் அயனி எங்கே பறப்பது? அழுத்தத்தைப் பத்துக் கோடியில் ஒரு பங்காகக் குறைத்தால் அந்தத் தூரம் ஆறேழு மீட்டராகிவிடும். அதற்கு மேலும் குறைக்கும் கருவிகள் உண்டு. நிமிடத்துக்குப் பல பத்தாயிரம் சுற்றுச் சுழலும் டர்போ பம்புகள் இரவும் பகலும் ஓடுவது இதற்காகத்தான். மின்சாரம் போனால் ஆய்வகத்தில் முதலில் முகம் வெளுப்பவர் மாஸ் ஸ்பெக் பொறுப்பாளர். பழைய வெற்றிடத்துக்குத் திரும்ப மணிக்கணக்கில், சில நேரம் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டும்.

படி 5: எடைவாரியாகப் பிரித்தல்

பிரிப்பதற்குப் பல வழிகள் இருக்கின்றன. மூன்றைப் புரிந்துகொண்டால் போதும்.

பறக்கும் நேரத்தை அளப்பது எல்லாவற்றிலும் எளிது. எல்லா அயனிகளுக்கும் ஒரே உதை, பிறகு ஓட்டப்பந்தயம். 20,000 வோல்ட் உதை கொடுத்தால் நம் காஃபீன் அயனி நொடிக்குச் சுமார் 140 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். ஒரே நொடியில் சென்னையிலிருந்து வேலூர்! ஒரு மீட்டர் குழாயைக் கடக்க அதற்கு ஏழு மைக்ரோ நொடி ஆகிறது. நான்கு மடங்கு எடையுள்ள அயனிக்கு அதைப்போல இரு மடங்கு நேரம். எடை என்பது நேரத்தின் வர்க்கம், அவ்வளவுதான் கணக்கு.

நான்முனை வடிகட்டி அன்றாட உழைப்பாளி. நான்கு உலோகக் கம்பிகள் இணையாக நிற்கும். அவற்றில் திசைமாறாத மின்னழுத்தத்தையும் அதிவேகமாகத் திசைமாறும் மின்னழுத்தத்தையும் கலந்து கொடுப்பார்கள். நடுவே வரும் அயனி தள்ளாடிக்கொண்டே போகும். குறிப்பிட்ட எடை உள்ளது மட்டும் தள்ளாட்டத்தைச் சமாளித்து மறுபக்கம் போய்ச் சேரும். இலேசானதும் கனமானதும் கம்பியில் மோதிச் சாகும். மின்னழுத்தத்தை மாற்றினால் வேறு எடைக்கு வழி திறக்கும். 1950களில் பான் நகரில் இதை உருவாக்கிய வோல்ஃப்காங் பால், இதே கொள்கையில் அமைந்த அயனிப் பொறிக்காக 1989இல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

மூன்றாவது ஆர்பிட்ராப். தக்ளி வடிவ மின்முனையைச் சுற்றி அயனிகள் வளையமிட்டபடி முன்னும் பின்னும் ஊசலாடும். கனமானது மெதுவாக, இலேசானது வேகமாக. ஊசல் எண்ணிக்கையைக் கேட்டே எடை சொல்லிவிடலாம். அலெக்சாண்டர் மக்காரோவ் கண்டுபிடித்த இது 2005இல் சந்தைக்கு வந்தது.

துல்லியம் எதற்கு என்று கேட்டால், கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன், எத்திலீன் மூன்றின் எடையும் முழு எண்ணில் 28தான். தசமத்தோடு பார்த்தால் 27.9949, 28.0061, 28.0313. சாதாரண நான்முனைக் கருவிக்கு மூன்றும் ஒன்றே. துல்லியமான கருவிக்கு மூன்று பேரும் மூன்று பேர்.

படி 6: உடைத்துப் பார்த்தல்

எடை மட்டும் ஒரு பொருளை அடையாளம் காட்டிவிடுமா? காட்டாது. அதற்கு வெளியே தேட வேண்டாம், காஃபீனின் பங்காளிகளே சாட்சி. கோகோவில் இருக்கும் தியோபுரோமினும் ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் தியோஃபிலினும் ஒரே அணுக்களால் ஆனவை: ஏழு கார்பன், எட்டு ஹைட்ரஜன், நான்கு நைட்ரஜன், இரண்டு ஆக்ஸிஜன். இரண்டும் 181.0720 என்றே காட்டும். எத்தனை கோடி ரூபாய்க் கருவியானாலும் எடையைக் கொண்டு இவற்றைப் பிரிக்க முடியாது. வித்தியாசம் ஒரு மீத்தைல் தொகுதி (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும்) எந்த நைட்ரஜனில் உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான்.

இங்கேதான் இரட்டை மாஸ் ஸ்பெக் வருகிறது. முதல் வடிகட்டி 181 அயனிகளை மட்டும் விடும். அடுத்த அறையில் ஆர்கான் அல்லது நைட்ரஜன் வாயு. அதில் மோதி அயனி உடையும். மூன்றாவது கட்டத்தில் இன்னொரு வடிகட்டி அந்தத் துண்டுகளை எடைபோடும். தியோஃபிலின் 57 டால்டனை உதிர்த்து 124 ஆகும். தியோபுரோமின் 43 டால்டனை உதிர்த்து 138 ஆகும். உதிர்வது அந்த நைட்ரஜன் இருந்த மூலைதான். மீத்தைலோடு உதிர்ந்தால் 57, இல்லாமல் உதிர்ந்தால் 43. காஃபீனும் 57ஐ உதிர்த்து 195லிருந்து 138க்கு வரும். அறிக்கைகளில் "195இலிருந்து 138" என்ற பாணியில் எண் ஜோடிகளைப் பார்த்தால் இதுதான் பொருள். எல்.சி.யில் வெளிவரும் நேரம், தாய் அயனி, துண்டயனிகள் எல்லாம் ஒத்துப்போன பிறகே ஒரு பொருளின் பெயரைச் சொல்ல வேண்டும்.

படி 7: எண்ணுதல்

கடைசியில் அயனி ஒரு தகட்டில் மோதி எலக்ட்ரான்களைக் கிளப்பும். அவை மோதி மேலும் கிளப்பும். ஓர் அயனி லட்சக்கணக்கான எலக்ட்ரான்களாகப் பெருகி அளக்கக்கூடிய மின்துடிப்பாகிறது.

படி 8: நிறமாலையைப் படித்தல்

குறுக்கே எம்/இசட், மேலே அயனிகளின் எண்ணிக்கை. உயரமான முகட்டுக்கு 100 கொடுத்து மற்றவற்றை அதோடு ஒப்பிடுவார்கள். 195க்குப் பக்கத்தில் 196இல் பத்தில் ஒரு பங்கு உயரத்தில் ஒரு குட்டி முகடு இருக்கும். அது பெரும்பாலும் கார்பன் 13 செய்யும் வேலை. இயற்கையில் நூறு கார்பனுக்கு ஒன்று அந்த வகை; காஃபீனில் எட்டு கார்பன், ஆகவே எட்டு சதவீதத்துக்குச் சற்று மேல்; மீதியை நைட்ரஜன் 15 சேர்க்கும். குட்டி முகட்டின் உயரத்தை வைத்தே கார்பன்களைத் தோராயமாக எண்ணிவிடலாம்.

குளோரின் இருந்தால் ஒளிந்துகொள்ளவே முடியாது. இரண்டு டால்டன் தள்ளி மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இன்னொரு முகடு நிற்கும். புரோமின் என்றால் இரண்டும் சம உயரம். மூன்று குளோரின் கொண்ட குளோர்பைரிபாஸ் பூச்சிக்கொல்லியிலும் முதல் இரண்டு முகடுகள் ஏறத்தாழ சமமாகிவிடும்.

புரதத்துக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். குதிரைத் தசையின் மயோகுளோபினை மின்தெளிப்பில் செலுத்தினால் ஒரே பொருளுக்கு இருபதுக்கு மேற்பட்ட முகடுகள் வரக்கூடும், ஒவ்வொன்றிலும் ஒரு புரோட்டான் கூடுதலாக. அடுத்தடுத்த இரண்டை எடுங்கள்: 893.19, 848.58. சிறிய எண்ணில் ஒரு புரோட்டானின் எடையைக் கழித்தால் 847.57. இரண்டு முகடுகளின் இடைவெளி 44.61. வகுத்தால் 19. ஆக, 893.19இல் இருப்பது 19 மின்னூட்டம். 892.18ஐ 19ஆல் பெருக்கினால் சுமார் 16,951 டால்டன். பள்ளிக்கூடக் கணக்கில் ஒரு புரதத்தை எடைபோட்டாகிவிட்டது.

எங்கே பயன்படுகிறது

பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த சில சொட்டு இரத்தத்தை வடிதாளில் உலர்த்தினால் போதும். பல வளர்சிதைமாற்றக் குறைபாடுகளை இரண்டு மூன்று நிமிட ஓட்டத்தில் இரட்டை மாஸ் ஸ்பெக் தேடிவிடும். ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் 166லிருந்து 120க்கு உடையும். அந்த ஜோடி வழக்கத்தைவிட உயரமாக நின்றால் அந்த அமிலத்தை உடலால் சரியாகச் சிதைக்க முடியாத ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு இருக்கலாம். உடனே உணவை மாற்றினால் குழந்தையின் மூளை பாதிக்கப்படாது.

மருத்துவமனைகளில் கிருமியை அடையாளம் காண மால்டி வந்துவிட்டது. வளர்ந்த கிருமித் திட்டிலிருந்து ஒரு துளியைத் தகட்டில் தேய்த்து, அமிலக் கரைசல் ஊற்றி லேசர் அடித்தால், ரைபோசோம் புரதங்களின் எடை வரிசை சில நிமிடங்களில் கிருமியின் பெயரைக் கொடுக்கும். ஆனால் இ.கோலையும் ஷிகெல்லாவும் நெருங்கிய உறவு என்பதால் அங்கே கருவி தடுமாறும்.

குடிநீரில் ஆர்செனிக்குக்கு ஐ.சி.பி.எம்.எஸ். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஆர்செனிக்குக்கு இருப்பது 75 என்ற ஒரே எடை. தண்ணீரில் உப்பு அதிகமிருந்தால் அதன் குளோரின் 35, பிளாஸ்மாவின் ஆர்கான் 40ஓடு கைகோத்துக்கொண்டு அதே 75இல் வந்து நிற்கும்! இல்லாத விஷம் இருப்பதாகத் தெரியும். ஹீலியம் நிரப்பிய மோதல் அறையில் அந்த ஜோடியின் வேகத்தைக் குறைத்துத் தடுப்பதுதான் இப்போதைய பழக்கம்.

2008 நவம்பர் 14 அன்று சந்திரயான் 1இலிருந்து பிரிந்த நிலவு மோது கலம் விழுந்துகொண்டே எடைபோட்டது. திருவனந்தபுரத்தில் உருவான 'சேஸ்' என்ற நான்முனைக் கருவி 18 என்ற எண்ணைப் பதிவு செய்தது. நீராவியின் எண் அது. (விமான நிலையத்தில் பையைத் துணியால் துடைத்துச் சோதிக்கிறார்களே, அது பெரும்பாலும் மாஸ் ஸ்பெக் அல்ல, காற்றிலேயே அயனிகளை நகரவிடும் வேறு கருவி.)

தேனில் சர்க்கரைப் பாகு கலந்திருக்கிறதா என்று பார்ப்பது எனக்குப் பிடித்த உதாரணம். கரும்பும் மக்காச்சோளமும் ஒளிச்சேர்க்கையில் ஒரு வழியைப் பின்பற்றுகின்றன. தேனீக்கள் போகும் பெரும்பாலான பூச்செடிகள் வேறு வழியை. அதனால் அவற்றின் சர்க்கரையில் கார்பன் 13இன் பங்கு சற்றே வேறுபடும். தேனை எரித்துக் கார்பன் டை ஆக்சைடாக்கி 44, 45, 46 எடைகளின் விகிதத்தை அளந்தால், கரும்புப் பாகு கலந்தது தெரிந்துவிடும். கலப்படம் செய்கிறவர்கள் என்ன செய்தார்கள்? அரிசிப் பாகுக்கு மாறினார்கள். ஒளிச்சேர்க்கை வழியில் நெல்லும் பூச்செடிகளின் கட்சி. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் வெளியிட்ட ஆய்வில், கரும்பு, மக்காச்சோளச் சர்க்கரைக்கான சோதனையில் தேறிய பல தேன் மாதிரிகள், வேறு வகையான காந்த ஒத்திசைவுச் சோதனையில் தோற்றன. கருவியின் எண்ணில் பிழை இல்லை. கேட்ட கேள்விதான் பழையது.

கீழடியின் கரி

கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரியின் காலம் பொ.ஆ.மு. 580 என்று தமிழக தொல்லியல் துறை 2019இல் அறிவித்தது. அளந்தது அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகம். சிவகளையில் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல் மாதிரிக்கு பொ.ஆ.மு. 1155 என்று 2021இல் அறிவித்தார்கள். இரண்டிலும் முறை முடுக்கி மாஸ் ஸ்பெக்.

உயிரோடு இருக்கும்போது மரம் காற்றிலிருந்து கார்பன் 14ஐ எடுத்துக்கொண்டே இருக்கும். இறந்ததும் வரத்து நின்று, 5,730 ஆண்டுகளில் பாதியாகும். 2,600 ஆண்டு ஆன கரியில் 73 சதவீதம் மிஞ்சியிருக்கும். பழைய முறையில் சிதைவுகளை எண்ணுவார்கள். ஒரு மில்லிகிராம் புதிய கார்பனில் சுமார் 6 கோடி கார்பன் 14 அணுக்கள் இருந்தாலும் மணிக்கு ஒன்றுகூடச் சிதையாது. அதனால் கிராம் கணக்கில் கரி வேண்டியிருந்தது. 1977இல் வந்த யோசனை இது: சிதைவதற்காக ஏன் காத்திருக்க வேண்டும், அணுக்களையே எண்ணலாமே.

சிக்கல் என்னவென்றால், கார்பன் 12 அணுக்கள் லட்சம் கோடிக்கு ஒன்றுதான் கார்பன் 14. எடையில் அதே 14இல் நைட்ரஜன் வேறு நிற்கிறது, வித்தியாசம் 0.00017 டால்டன்கூட இல்லை. இங்கே இயற்கை கைகொடுக்கிறது. நைட்ரஜன் அணுவால் எதிர்மின் அயனியாக நிலைத்திருக்க முடியாது, கார்பனால் முடியும். மாதிரியை எதிர்மின் அயனிகளாக்கியதுமே நைட்ரஜன் ஆட்டத்திலிருந்து விலகிவிடும். மிஞ்சுவது கார்பன் 13ஓடு ஒரு ஹைட்ரஜன் சேர்ந்து 14 ஆன மூலக்கூறுகள். லட்சக்கணக்கான வோல்ட்டில் முடுக்கி மெல்லிய வாயுவின் வழியே அடித்தால் எலக்ட்ரான்கள் உரிந்து மூலக்கூறு சிதறிவிடும். கார்பன் 14 மட்டும் காந்தத்தில் தன் பாதையில் வளைந்து எண்ணும் கருவிக்கு வரும். டெல்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்திலும் அகமதாபாத்தின் இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகத்திலும் இந்த வசதி உண்டு.

ஒன்றை மறக்கக் கூடாது. அளப்பது கரியின் வயதை. பக்கத்தில் கிடந்த பானை ஓட்டின் வயது, இரண்டும் ஒரே மண்ணடுக்கில் கலையாமல் இருந்தன என்று தொல்லியலாளர் உறுதியாகச் சொன்ன பிறகுதான் கிடைக்கும்.

மாதிரி அனுப்பப் போகிறீர்களா?

ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பும் மாணவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். என்ன தேடுகிறீர்கள் என்று பெயரோடும் எதிர்பார்க்கும் எடையோடும் எழுதுங்கள். "இதில் என்ன இருக்கிறது பார்த்துச் சொல்லுங்கள்" என்ற கடிதத்தைக் கண்டால் யாருக்கும் கோபம் வரும். எந்தக் கரைப்பானில் கரையும், உப்பு இருக்கிறதா, ஆவியாகுமா என்பதையும் சொல்லுங்கள். மின்தெளிப்புக்கு அனுப்புவதில் பாஸ்பேட் தாங்கல் கரைசல் வேண்டாம். ஊசி முனையில் உப்பாகப் பூத்துவிடும். பிளாஸ்டிக் குப்பியைவிடக் கண்ணாடிக் குப்பி நல்லது.

முடிவு வரும்போது எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். எதுவும் சேர்க்காத வெற்றுக் கரைப்பானின் நிறமாலையையும் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 391.28இல் ஒரு முகடு இரண்டிலும் நின்றால் அது உங்கள் மூலிகையின் மருந்துப்பொருள் அல்ல. பிளாஸ்டிக்கை வளையவைக்கச் சேர்க்கும் தாலேட். 44 இடைவெளியில் ஏணி தெரிந்தால் குடுவையை யார் கழுவியது என்று விசாரியுங்கள்.